உரித்த பிறகும் தெரியும் ஸ்டிக்கர்

பழைய கேரவனை விற்பனைக்கு வைப்பவர்கள் உள்ளே எடுத்த படங்களைத்தான் நிறையப் போடுவார்கள். மெத்தை, அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் பளிச்சென்று இருக்கும். வெளிப்பக்கத்துக்கு ஒரே ஒரு படம், அதுவும் எட்ட நின்று எடுத்தது. காரணம் பெரும்பாலும் ஸ்டிக்கர்தான். முன்னிருந்து பின்வரை அலை அலையாக ஓடும் வளைகோடுகள், நடுவே சாய்ந்த எழுத்தில் வண்டியின் பெயர், எங்காவது ஒரு மலைச்சிகரமோ பறவையோ. பல வருட வெயிலில் இவை வெடித்து, ஓரம் சுருண்டு, செதில் செதிலாக நிற்கும். இன்ஜின் நன்றாக இருக்கும், கூரை ஒழுகாது, ஆனாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஓட்டை வண்டி.

நான் வாங்கிய மோட்டார்ஹோமும், அதாவது தானே ஓடும் கேரவனும், அந்த ரகம். விலை படிந்ததற்கே அந்தச் செதில்கள்தான் காரணம் என்று சொல்லலாம். உரித்து எறிந்துவிட்டால் பாதி வயது குறைந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். குறைந்தது உண்மைதான். ஆனால் இந்த வேலையில் ஸ்டிக்கர் என்பது சின்னப் பகுதி. பெரிய பகுதி அதற்கு அடியில் இருக்கிறது. அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

இத்தனை ஸ்டிக்கர் எதற்கு என்று முதலில் பார்ப்போம். ஃபைபர் கிளாஸ் உடம்புள்ள வண்டிகளில் பலவற்றுக்கு காருக்கு அடிப்பதுபோல் பெயிண்ட் அடிப்பதில்லை. ஃபைபரின் மேல்தோலாக ஜெல்கோட் என்ற பாலியெஸ்டர் பிசின் அடுக்கு இருக்கும். வெள்ளையோ சந்தன நிறமோ அதிலேயே கலந்திருக்கும். அவ்வளவு பெரிய வெற்றுச் சுவரை அப்படியே விட்டால் குளிர்பதனப் பெட்டி போலத்தான் தெரியும். அதன்மேல் பல வண்ணத்தில் கோடு இழுத்துப் பெயிண்ட் அடிக்க நாள் பிடிக்கும், கைத்திறன் வேண்டும். வெட்டி வைத்த வினைலை ஒட்டுவது சீக்கிரம் முடியும், மலிவும்கூட. அதனால்தான் வளைகோட்டின் மேல் வளைகோடு, எழுத்துக்கு அடியில் நிழலாக இன்னொரு எழுத்து என்று அடுக்கடுக்காக ஒட்டித் தள்ளினார்கள். இந்த வடிவங்களை வரைந்தவர் ஒன்றைக்கூடத் தன் கையால் உரித்திருக்க மாட்டார் என்பது என் திடமான எண்ணம்.

வினைல் என்பது பிவிசி. பிளம்பிங் குழாயில் இருக்கும் அதே பொருள்தான். இயல்பில் அது விறைப்பானது. 1926-இல் வால்டோ செமன் என்ற அமெரிக்க வேதியியலாளர் அதைச் சில கரைப்பான்களோடு சூடாக்கி, ரப்பர்போல் வளையும் பொருளாக மாற்றினார். இன்றும் வளையும் வினைல் எல்லாம் அந்த வழியில்தான் வருகிறது: பிவிசியின் மூலக்கூறுகளுக்கு நடுவே இளக்கி ஒன்று புகுந்து அவற்றை வழுக்க வைக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த இளக்கி அங்கேயே தங்குவதில்லை. கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் அடியிலிருக்கும் பசைக்குள் இறங்கும். கூடவே புற ஊதாக் கதிர் பிவிசியின் சங்கிலிகளை அறுக்கும். கடைசியில் மிஞ்சுவது பழைய குழாய்த் துண்டு மாதிரி விறைத்துப்போன ஒரு தோல், அதுவும் தலைமுடி அளவு தடிமனில்.

வினைலிலும் இரண்டு வகை உண்டு. திரவமாக ஊற்றி உலர்த்தி எடுப்பது ஒன்று. சுமார் 50 மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். இழுவிசை எதுவும் உள்ளே தேங்காததால் சுருங்காமல் பல வருடம் நிற்கும். இன்னொன்று சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கி நீட்டி எடுப்பது. அது கொஞ்சம் தடிப்பு, விலை குறைவு. நீட்டியதை மறக்காமல் வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய அளவுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டிக்கரின் விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடினால் அதுதான் விஷயம்: வினைல் உள்ளே சுருங்கியிருக்கிறது, வெளியே விடுபட்ட பசையில் ஊர்த் தூசியெல்லாம் ஒட்டியிருக்கிறது.

ஒரே வண்டியில் ஒரே நாளில் ஒட்டியவைகூட ஒரே மாதிரி வயதாவதில்லை. முந்தைய உரிமையாளர் எந்தத் திசையில் நிறுத்தினார் என்பதை என் வண்டியின் ஸ்டிக்கரே சொன்னது. நிழல் விழுந்த பக்கத்தில் முழங்கை நீளப் பட்டைகளாக உரிந்து வந்தது. வெயில் பக்கத்தில் நகம் பட்டாலே பொடி. முன் மூக்கில், சாய்ந்த பரப்பில் இருந்தது இன்னும் மோசம். வானத்தைப் பார்த்திருக்கும் பரப்புக்கு நிமிர்ந்த சுவரைவிட வெயில் பொதுவாக அதிகம். அதனால் எந்த வழி நல்ல வழி என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் வண்டியின் எந்தப் பக்கத்தை உரித்தார் என்று கேட்க வேண்டும்.

சரி, கையை வைக்கும் முன் சுவர் எது என்று பார்த்துவிட வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் வண்டியைக் கெடுக்கிறார்கள். கேரவனின் சுவர் கார்க் கதவு மாதிரி ஒற்றைத் தகடு அல்ல. பல வண்டிகளில் மெல்லிய ஃபைபர் தோல், அதற்குப் பின்னால் மெல்லிய பிளைவுட், அதற்கும் பின்னால் தெர்மோகோல் வகை நுரை, எல்லாம் பசையால் ஒன்றாக அழுத்தப்பட்டிருக்கும். தெர்மோகோல் 80 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே தளர ஆரம்பித்துவிடும். ஸ்டிக்கரை இளக்கப் பலரும் எடுக்கும் ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கருவி, அதன் வாயில் வரும் காற்றோ 500 டிகிரியைத் தாண்டும். ஒரே இடத்தில் காட்டிக்கொண்டு நின்றால் பிளைவுட்டும் தோலும் பிரிந்து சுவர் குமிழாக எழும்பும். அதைச் சரிசெய்வது ஸ்டிக்கர் வேலை இல்லை, சுவர் வேலை.

சில வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்த அலுமினியத் தகடு. சிலவற்றின் முன், பின் முகப்புகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஜன்னல்கள் பெரும்பாலும் கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். ஒவ்வொன்றுக்கும் ஆகாதது வேறு வேறு. ஃபைபருக்கு ஒத்துக்கொள்ளும் அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். ஆல்கஹாலும் தின்னரும் அக்ரிலிக் ஜன்னலில் பட்டால் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய வெடிப்பு ஓடும், பிறகு எந்தப் பாலிஷும் அதைப் போக்காது. ஆகவே ஜன்னலை முதலில் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டிவிடுங்கள். எந்த மருந்தானாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், உதாரணமாகச் சாமான் அறைக் கதவின் உள்விளிம்பில், தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் முதலிலேயே செய்ய வேண்டியது: உரிப்பதற்கு முன்பு எல்லா ஸ்டிக்கரையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து, முக்கியமான வளைவுகளை டிரேசிங் தாளில் படியெடுத்து வைப்பது. தூக்கி எறியப்போவதை எதற்குப் படியெடுப்பது என்று தோன்றும். காரணம் பின்னால் வரும்.

உரிப்பதன் தர்க்கம் எளிது. பசை சுவரைப் பிடித்திருக்கும் பலத்தைவிட வினைலின் சொந்த பலம் அதிகமாக இருந்தால் அது முழுதாக வரும், குறைவாக இருந்தால் கிழியும். புது ஸ்டிக்கரில் வினைல் பலசாலி. பழையதில் வினைல் செத்துப்போயிருக்கும், பசையோ வருடங்களில் இறுகி இன்னும் பலமாகியிருக்கும். சூடு இரண்டையும் மாற்றுகிறது: வினைல் கொஞ்சம் இளகும், பசையின் பிடி தளரும். ஆனால் சூடு கூடினால் பசை தனக்குள்ளேயே பிளந்து பாதி சுவரில் தங்கிவிடும். குறைந்தால் வினைல் பொட்டென்று முறியும். நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது, அங்கேதான் வேலை நடக்கும். என் வண்டியில் அது 50-லிருந்து 60 டிகிரி வரை இருந்தது. அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் உள்ளங்கை போதும்: சுவரில் கையை வைத்து ஓரிரண்டு விநாடிக்கு மேல் தாங்கவில்லை என்றால் சூடு அதிகம்.

ஹீட் கன்னைவிட ஹேர் டிரையரே எனக்குப் பிடித்தது. மெதுவாகத்தான் சூடேற்றும், ஆனால் அதனால் சுவரைக் கெடுப்பது கடினம். வினைலிலிருந்து புகை கிளம்பினால் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம்; பிவிசி சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், தொண்டையைப் பிடிக்கும். வெயில் நாளில் வண்டியைத் திருப்பி நிறுத்திச் சூரியனையே பாதி வேலை செய்ய விடுவது இன்னும் நல்ல யோசனை. இவ்வளவு காலம் ஸ்டிக்கரைக் கெடுத்தது அதுதானே, கொஞ்சம் உதவட்டும்.

வாகனப் பெயிண்ட் பட்டறையில் காலமெல்லாம் வேலை செய்த ஒருவர் எனக்குப் பழக்கம். ஒரு சாயங்காலம் வந்து நான் உரிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இழுக்காதீங்க. சூடு காட்டிட்டு, அதுவா வர்ற வரைக்கும் பிடிச்சிட்டு நில்லுங்க."

"இப்படிப் போனா எப்பண்ணே முடிக்கிறது?"

"முடிக்கிறதுதான் முக்கியம்னா இதுக்கு மேலயே புதுசை ஒட்டிட்டுப் போயிடுங்க. ஒரு மழை தாங்கும்."

அவர் கிண்டலாகச் சொன்னாலும் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வெடிப்புகள் புது வினைலின் வழியே அப்படியே மேலே தெரியும், அடியில் இருப்பது உதிரும்போது மேலே இருப்பதும் சேர்ந்தே உதிரும். இழுக்காதே என்றதில் ஒரு கணக்கு உண்டு. பசை பாதி திடம், பாதி திரவம். வெடுக்கென்று இழுத்தால் திடம் மாதிரி முரண்டு பிடிக்கும், நொந்த வினைல்தான் முதலில் அறும். மெதுவாக இழுத்தால் திரவம் மாதிரி விட்டுக்கொடுக்கும். ஒரு மூலையைப் பிளாஸ்டிக் பிளேடால் கிளப்பி, பட்டையைச் சுவரிலிருந்து நேராக வெளியே இழுக்காமல் அதன் முதுகின்மேல் அதையே மடித்து, சுவரை ஒட்டியபடியே பின்னோக்கி இழுத்தால் என் கைக்கு நன்றாக வந்தது. சூடு எப்போதும் மடிப்புக்கு ஓர் அங்குலம் முன்னால் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் நிழல் பக்கத்துக் கதை. வெயில் பக்கத்தில் மடிக்கவே பட்டை கிடையாது, நகத்தளவு சில்லுகள்தான். அங்கே பலரும் கையில் எடுப்பது டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம். பென்சில் எழுத்தை ரப்பர் அழிப்பது மாதிரி அது வினைலையும் பசையையும் சேர்த்தே உருட்டி எடுத்துவிடும். நன்றாக உலர்ந்த கார்ப் பெயிண்ட்டின் மேல் அது அற்புதமான கருவி. ஜெல்கோட்டில் பார்த்துச் செய்ய வேண்டும். வேகத்தைக் கூட்டி ஓர் இடத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் ரப்பர் உருகிச் சுவரில் அப்பிக்கொள்ளும், சில சமயம் மஞ்சளாகக் கரிந்த தடம் விழும். குறைந்த வேகம், லேசான அழுத்தம், நிற்காமல் நகரும் கை. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம், துகள் முகத்துக்கே பறக்கும். மெல்லிய அலுமினியத் தகட்டுப் பெயிண்டில் நான் அதை வைக்கவே மாட்டேன்.

வேறு குறுக்கு வழிகளும் காதில் விழும். பிரஷர் வாஷரால் அடித்துப் பெயர்ப்பது ஒன்று. ஸ்டிக்கர் பெயரும், கூடவே ஜன்னல் ஓர சீலன்ட்டும் பெயரும். தண்ணீர் சுவருக்குள் போய் பிளைவுட்டை ஊறவைக்கும். ஓவன் கிளீனர் அடிப்பது இன்னொன்று. அதில் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும், அது அலுமினியத்தை அரிக்கும். சுவர் விளிம்பை மூடும் பீடிங்கும் ஜன்னல் சட்டமும் அலுமினியமாக இருக்கிற வண்டிக்கு அதைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. இரும்பு பிளேடு, சோப்புத் தண்ணீரோடு படுக்கையாகப் பிடித்தால் ஜெல்கோட்டில் வேலை செய்யும்தான், ஆனால் கை ஒருமுறை சாய்ந்தால் அந்தக் கீறல் வண்டி உள்ளவரை இருக்கும். நீராவி மட்டும் பரவாயில்லை. சுவர்த்தாள் உரிக்கும் நீராவிக் கருவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஈரமும் சேர்ந்து இறங்கும். சுவர் இணைப்புகளிலிருந்து தள்ளி, விட்டு விட்டுக் காட்டினால் சில்லுகள் கொஞ்சம் பெரிதாக வரும்.

வினைல் போனதும் பசை. இதைச் சண்டையாக எடுத்துக்கொண்டால் கைதான் வலிக்கும். ஆரஞ்சுத் தோலெண்ணெயில் இருக்கும் லிமோனீனை வைத்துச் செய்த பசைநீக்கியோ பெயிண்டைக் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்டோ தாராளமாகத் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறையை ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பசை கரைப்பானை உறிஞ்சி ஊதிக்கொள்ள நேரம் வேண்டும்; உறை இல்லாவிட்டால் அதற்குள் கரைப்பான் காற்றோடு போய்விடும். ஊறியபின் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளினால் சுருள் சுருளாக வரும். துணியால் வட்டமாகத் தேய்க்காதீர்கள், ஓரிடத்துப் பசை நாலு இடத்துக்குப் போகும். ஒரே திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுங்கள். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம் இரண்டும் வேண்டும். கரைப்பான் ஈரமாக இருக்கும் இடத்தில் ஹீட் கன்னை மறந்தும் காட்டக் கூடாது, தீப்பிடிக்கும். கடைசியாகச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும்; லிமோனீன் மெல்லிய எண்ணெய்ப் பூச்சை விட்டுச் செல்லும்.

இவ்வளவும் முடிந்து எட்ட வந்து பார்த்தால் ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். அதாவது, வினைல் இல்லை, பசை இல்லை, ஆனால் வளைகோடும் பெயரும் துல்லியமாகத் தெரியும். இதுதான் நான் முதலில் சொன்ன பெரிய பகுதி.

ஸ்டிக்கர் அத்தனை வருடம் தன் அடியிலிருந்த சுவரை வெயிலிலிருந்து காத்திருக்கிறது. சுற்றியுள்ள ஜெல்கோட் மட்டும்தான் வயதாகியிருக்கிறது. புற ஊதாக் கதிர் மேற்பரப்புப் பிசினைச் சிதைக்க, வெள்ளை நிறத்துக்காகக் கலந்த டைட்டானியம் டை ஆக்சைடு பிடிப்பில்லாமல் பொடியாக நிற்கும். பழைய கேரவனில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் வெள்ளைப் பொடி அதுதான். பொடி உதிர உதிர அந்தப் பரப்பு தேயும். ஸ்டிக்கரின் அடியிலோ எதுவும் தேயவில்லை, மினுமினுப்பும் போகவில்லை. நகத்தை ஓட்டிப் பார்த்தால் சில இடங்களில் விளிம்பில் சின்னப் படிக்கட்டே தட்டுப்படும். கறை படிந்திருப்பது ஸ்டிக்கர் இருந்த இடம் என்று நினைத்து அங்கே போட்டுத் தேய்ப்பார்கள். அந்த இடம்தான் சுத்தமானது, புதிது. தேய்க்க வேண்டியது மீதிச் சுவர் முழுவதையும்.

ஆகவே ரப்பிங் காம்பவுண்ட், பஃபிங் மெஷின், பிறகு நைசான பாலிஷ், பிறகு மெழுகு. பொடி அடுக்கு தடிப்பாக இருந்தால் அதற்கு முன் 1000, 1500, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரோடு போட வேண்டியிருக்கும். அச்சில் வார்த்த முகப்புகளில் ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும், தேய்க்க இடம் உண்டு. தட்டையான பக்கச் சுவர்களின் தோல் அதைவிட மிக மெல்லியது. அங்கே உற்சாகத்தில் தேய்த்தால் அடியிலிருக்கும் ஃபைபர் இழை தெரிய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

பாலிஷ் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்பதில் தெளிவாக இருந்தால் ஏமாற்றம் குறையும். மினுமினுப்பில் உள்ள வித்தியாசம் போய்விடும். மேலோட்டமான நிற வித்தியாசமும் போகும். சந்தன நிறச் சுவர் ஆழமாக வெளுத்திருந்தாலோ மஞ்சளாகியிருந்தாலோ அது போகாது. திறந்துவிட்ட பகுதியும் இனி வெயில் வாங்கும், வருடங்களில் கொஞ்சம் நெருங்கி வரும், அவ்வளவுதான். என் வண்டியில் உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலச் சாய்வு வெளிச்சத்தில் பெயரின் பாதி தெரியும். பனி படர்ந்த காலையில் முழுப் பெயரும், அடியிலிருந்த நிழல் எழுத்து உட்பட, வாசிக்கலாம். பளபளப்பான பரப்பிலும் தேய்ந்த பரப்பிலும் பனித்துளி ஒரே மாதிரி உட்காருவதில்லை.

இதனால்தான் உரிக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உரித்தபின் அங்கே என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். ஒன்றும் வைக்காமல் வெள்ளையாக விடவேண்டுமென்றால் முழு வண்டியையும் பாலிஷ் போடும் பொறுமை வேண்டும், வருடா வருடம் மெழுகும் வேண்டும். பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் பழைய ஸ்டிக்கரின் நிறத் தடத்தைப் பற்றிக் கவலை இல்லை, ஆனால் விளிம்புப் படிக்கட்டை உப்புத்தாளால் சமன் செய்தாக வேண்டும், இல்லையென்றால் பெயிண்டின் மேலும் அது தெரியும். வெளுத்திருந்தாலும் வெடிக்காத ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். பாதி உரித்த வண்டியைவிட மங்கிய வண்டி பார்க்க நன்றாகவே இருக்கும்.

நான் எடுத்தது நடுவழி. வளைகோடுகள் இருந்த இடத்தில் ஒரே அகலமான பட்டை, எளிய நிறம், ஊற்றி எடுத்த வகை வினைல். டிரேசிங் தாள் அங்கேதான் உதவியது: பழைய கோடுகள் எல்லாம் எந்த உயரத்துக்குள் அடங்குகின்றன என்று அதிலிருந்து அளந்து, மேலும் கீழும் இரண்டு விரல் கூட்டி வெட்டச் சொன்னேன். ஒட்டும் இடத்தில் மெழுகு போடவில்லை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அந்தச் சமயம் ஜன்னல்களை மறுபடி மூடி, சோப்புத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து வெளியே ஸ்க்வீஜி என்ற தட்டைப் பட்டையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஒட்டினேன். பெயர் இருந்த இடம் பட்டைக்கு மேலே தனியாக இருந்ததால் அதை மூட முடியவில்லை. அங்கே பாலிஷோடு நிறுத்திக்கொண்டேன்.

பின்பக்கத்தில் ஒரு சின்னப் பறவை ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. முகப்பு அங்கே ஏபிஎஸ், ஸ்டிக்கர் வெடிக்கவும் இல்லை. பட்டறை அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கிடக்கட்டும் தம்பி" என்றார். கிடக்கிறது.